கண்மதிப்புக்குத் தேக்கு விற்பதை நிறுத்துவோம்!



லப்பைக்குடிக்காடு கடைவீதியைத் தாண்டித் தெருக்களுக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். வளைகுடா நாடுகளில் வெயிலில் வெந்து சம்பாதித்த காசில் எத்தனை புது வீடுகள்! வீட்டுக்காரர் எதில் சிக்கனம் பிடித்தாலும் வாசல் நிலையிலும் தலைவாசல் கதவிலும் பிடிக்க மாட்டார். "தேக்குதான் போடணும்" என்று முதல்லயே சொல்லிவிடுவார். அந்தத் தேக்கு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கப்பலில் வருகிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் தூத்துக்குடி போன்ற துறைமுகங்களில் இறங்கி, மரவாடிக்கு வந்து, அறுபட்டு, கன அடி ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறது.

அதே நேரம் வெள்ளாற்றங்கரையில், அகரம்சீகூர் பக்கத்திலும் திருமாந்துறை பக்கத்திலும், நம்ம வரப்பில் இருபது வருஷமாக நிற்கிற தேக்கை ஒரு வியாபாரி வந்து பார்க்கிறார். மரத்தை ஒரு தட்டு தட்டுகிறார், அண்ணாந்து பார்க்கிறார், உதட்டைப் பிதுக்குகிறார். "எல்லாம் இளமரம், வைரமே இருக்காது, வெள்ளைதான். போனால் போகுதுன்னு மொத்தமா இவ்வளவு தர்றேன்" என்கிறார். நாமும் தலையாட்டி விடுகிறோம். மகள் கல்யாணமோ, ஆஸ்பத்திரிச் செலவோ, போர்வெல் கடனோ கழுத்தை நெரிக்கும்போது வேறென்ன செய்வது?

இந்தக் குத்துமதிப்பு வியாபாரத்தில் நாம் எவ்வளவு இழக்கிறோம், எதனால் இழக்கிறோம், என்ன செய்ய வேண்டும் என்று பேசத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஏமாந்த கதை

அடுத்தவன் கதை எதுக்கு, என் கதையே இருக்கிறது. 2003-ல் என் வயல் வரப்பில் தேக்கு வைத்தேன். கிணற்றுப் பாய்ச்சலில் நெல்லுக்கும் பருத்திக்கும் போன தண்ணீரில்தான் அதுவும் வளர்ந்தது. 2021-ல் வீட்டில் ஒரு விசேஷத்துக்காக 24 மரத்தை மொத்த விலைக்குக் கொடுத்தேன். யாரும் டேப் பிடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ரெண்டே நாளில் வெட்டி ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த மாதம் ஒரு மழை பெய்தது. வெட்டிய அடிக்கட்டைகளில் எல்லாம் பச்சையாகத் துளிர் கிளம்பியது. அதைப் பார்க்கப் போனவன் சும்மா இராமல் ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து பார்த்தேன். வெளியே வெளிர் வளையம். உள்ளே தேன் நிறத்தில் வைரம். "வைரமே இருக்காது" என்று அவர் சொன்ன மரம்தான் இது!

அன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன். தடியின் நடுச்சுற்று சராசரி 30 அங்குலம், நீளம் 14 அடி என்று குறைத்தே வைத்தாலும், 24 மரத்துக்கும் சேர்த்து வியாபாரக் கணக்கில் 130 கன அடி வருகிறது. வாங்கிய பணத்தை 130-ஆல் வகுத்தேன். அறுத்த தேக்குக்கு மரக்கடையில் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குகூட எனக்கு வரவில்லை. தடியை அறுத்தால் ஏறக்குறைய பாதி தூளும் சிராயுமாகப் போகும், வெட்டுக்கூலி, லாரி வாடகை, மில் கூலி எல்லாம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதையெல்லாம் கழித்தாலும் பத்தில் ஒன்று நியாயமா?

தேக்குக்கு ஏன் இந்த மவுசு?

விற்கிறவனுக்குத் தன் சரக்கின் தரம் தெரிய வேண்டும். நெல்லில் ஈரப்பதம், பருத்தியில் இழை நீளம் தெரிந்து பேசுகிற நாம், மரத்தில் மட்டும் வாயடைத்து நிற்கிறோம்.

நம்ம ஊர் ஆசாரியைக் கேளுங்கள், தேக்கைப் பற்றி முதலில் என்ன சொல்லுவார்? "நிலை முறுக்காது." அதுதான் முதல் குணம். எந்தப் பச்சை மரமும் காயும்போது சுருங்கும். தேக்கு முழுக்கக் காயும்போது, வளையத்தின் போக்கில் சுமார் 5 சதவீதமும், நடுவிலிருந்து வெளிப்போக்கில் சுமார் 2.5 சதவீதமும்தான் சுருங்குகிறது. தைலமரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். ஐப்பசி அடைமழையிலும் சித்திரை வெயிலிலும் ஒரே மாதிரி திறந்து மூடுகிற கதவு வேண்டுமென்றால் தேக்கைத் தேடுவது இதனால்தான்.

இரண்டாவது, எண்ணெய்ப் பசை. தேக்கின் வைரத்தை இழைத்தால் கையில் வழவழப்பாக இருக்கும், தோல் மாதிரி ஒரு வாசனையும் வரும். அந்த எண்ணெயும் அதோடு இருக்கிற சில இயற்கைப் பொருட்களும் கரையானையும் பூஞ்சையையும் கிட்ட விடுவதில்லை. கப்பல் தளத்துக்குக் காலகாலமாகத் தேக்கைப் போட்டதற்கும் இதுவே காரணம். இரும்பு ஆணி அடித்தாலும் அவ்வளவு லேசில் துருப்பிடிக்காது.

மூன்றாவது, எடைக்கேற்ற வலு. நன்றாகக் காய்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ. நம்ம கணக்கில் ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. கருவேலம், புளி மாதிரி கல்லாகக் கனக்காது. அதனால் வீட்டுக் கதவு தன் பாரத்திலேயே கீலைப் பிய்த்துக்கொண்டு தொங்காது. அதே சமயம் கட்டிலுக்கும் உத்திரத்துக்கும் போதுமான பலம் உண்டு.

குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். மரத்துக்குள் மணல் சத்து இருப்பதால் ரம்பமும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும். எண்ணெய்ப் பசை இருப்பதால் புதிதாக இழைத்த கையோடு ஒட்டினால்தான் பசை பிடிக்கும். ஆசாரி கூலி கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் காரணம் இருக்கிறது.

உலகம் முழுக்க இந்த மரத்துக்கு வழங்கும் 'டீக்' என்ற பெயர் எங்கிருந்து போனது தெரியுமா? தமிழிலும் மலையாளத்திலும் நாம் சொல்லும் 'தேக்கு'தான் போர்த்துக்கீசியர் வாயில் 'தேக்கா' ஆகி, இங்கிலீஷில் 'டீக்' ஆனது. பெயரைக் கொடுத்த மண்ணில் பயிர் செய்கிறவனுக்குத்தான் விலை இல்லை!

இளமரம் என்ற பழைய பொய்

வியாபாரி சொல்லும் "இளமரம்" என்ற வாதத்துக்கு வருவோம். அதில் பாதி உண்மை. மரத்தின் வெளிப்பகுதியான வெள்ளைக்குக் கரையானைத் தாங்கும் சக்தி கிடையாது. வண்டும் துளைக்கும். மரம் எவ்வளவு பருக்கிறதோ அவ்வளவு வைரம் கூடும். ஆகவே இருபது வருஷ மரத்தில், நூறு வருஷக் காட்டு மரத்தைவிட வெள்ளை அதிகம் இருக்கத்தான் செய்யும்.

ஆனால் மறுபாதியை அவர் சொல்வதில்லை. இன்றைக்கு மரவாடியில் கிடக்கும் வெளிநாட்டுத் தேக்கின் வயசு என்ன? ஒரு காலத்தில் பர்மாவின் பெரிய காட்டு மரங்கள் வந்தன. மியான்மர் அரசு 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுமரம் ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. அதற்குப் பிறகு உருட்டுமரமாக வருவதில் பெரும்பங்கு ஈக்வடார், கோஸ்டாரிக்கா, பனாமா, கானா, தான்சானியா போன்ற நாடுகளின் தோட்ட மரம். அங்கே பல தோட்டங்களில் பதினைந்து, இருபது, இருபத்தைந்து வருஷத்தில் வெட்டுகிறார்கள். அதாவது நம் வரப்பில் நிற்கிற மரத்தின் வயசுதான் அதுக்கும்!

கடல் தாண்டி வந்தால் அது "இம்போர்ட் தேக்கு". பெண்ணகோணம் வரப்பிலிருந்து போனால் அது "இளமரம், வெள்ளை". ஒரே வயசு மரத்துக்கு ரெண்டு பெயர், ரெண்டு விலை. இதை ஏன் என்று நாம் கேட்க வேண்டாமா?

உண்மையான சோதனை வயசு அல்ல. தண்டு நேராக இருக்கிறதா, சுற்றளவு என்ன, கணு எத்தனை, உள்ளே வைரம் எவ்வளவு அகலம் என்பதுதான். முதல் மரத்தை வெட்டிய உடனே அடிமுகத்தில் ஸ்கேலை வைத்து வைரத்தை அளந்துவிடலாம். வெள்ளைப் பலகைகூட வீண் இல்லை. போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் அலமாரித் தட்டுக்கும் உள்வேலைக்கும் ஆகும்.

கயிறு இறுக்கினால் கன அடி போச்சு

சரி, அளந்தே வாங்குகிறோம் என்று சிலர் வருகிறார்கள். அங்கேயும் கண் திறந்திருக்க வேண்டும். தடி அளக்கும் வழக்கமான கணக்கு இதுதான்: நடுச்சுற்றளவை நாலால் வகு, வந்ததை அதாலேயே பெருக்கு, நீளத்தால் பெருக்கு. சுற்றளவு அங்குலத்திலும் நீளம் அடியிலும் இருந்தால் கடைசியில் 144-ஆல் வகு. வருவது கன அடி.

ஒரு தடி. நடுச்சுற்று 36 அங்குலம், நீளம் 16 அடி. 36-ஐ நாலால் வகுத்தால் 9. ஒன்பது ஒன்பது 81. அதைப் பதினாறால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் சரியாக 9 கன அடி. இப்போது கவனியுங்கள்:

உண்மையில் அந்தத் தடியின் கன அளவு 9 இல்லை, ஏறக்குறைய 11.5 கன அடி. இந்தக் கணக்கு முறையே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், 21 சதவீதத்துக்குமேல், குறைத்துக் காட்டும். பட்டைக்கும் அறுவைச் சேதத்துக்கும் என்று பழைய காலத்திலேயே கழித்து வைத்தது அது. வழக்கம் அப்படி என்றால் இருக்கட்டும். ஆனால் ஏற்கெனவே கழித்த கணக்கில் மறுபடியும் "பட்டைக்கு ரெண்டு அங்குலம் தள்ளு" என்று கேட்டால் விடாதீர்கள். 36, 34 ஆனால் 9 கன அடி 8 ஆகிவிடும். கயிற்றை ரெண்டு அங்குலம் இறுக்கிப் பிடித்தால் ஒரு கன அடி போச்சு!

இன்னொரு வித்தை, நடுவில் அளக்காமல் நுனியில் அளப்பது. நுனிச்சுற்று 28 அங்குலம் என்றால் அதே தடி ஐந்தரை கன அடிகூடத் தேறாது. ஒன்பது எங்கே, ஐந்தரை எங்கே! பத்தாம் வகுப்புப் படிக்கும் நம் பிள்ளை ரெண்டு நிமிஷத்தில் போடும் கணக்கு இது. பிள்ளையைக் கூட நிறுத்திக்கொண்டு அளக்கச் சொல்லுங்கள்.

வியாபாரி மட்டுமா காரணம்?

வியாபாரிகள் எல்லோரையும் திருடர் என்று சொல்ல வரவில்லை. அவருக்கும் பயம் இருக்கிறது. உள்ளே பொந்து இருக்குமோ, வழியில் லாரியை மடக்குவார்களோ, பெர்மிட்டுக்கு எத்தனை நாள் அலையணுமோ என்று எல்லா பயத்துக்கும் ஒரு தொகையை நம் விலையிலிருந்துதான் பிடிக்கிறார். சட்டம் சிக்கலாக இருக்கும்வரை அந்தத் தொகையும் குறையாது.

1968-ம் வருஷத்துத் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள்தான் இன்னும் அடிப்படை. சவுக்கு, தைலமரம் வெட்டினால் டன் கணக்கில் எடை போட்டுக் காகித ஆலைக்கு அனுப்பிவிடலாம். தேக்கு என்றால் பட்டா நிலத்து மரம்தான் என்று நாம் நிரூபிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை என்று படியேற வேண்டும். காட்டுத் திருட்டைத் தடுக்கச் சட்டம் வேண்டும், அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தன் வரப்பில் தான் வைத்து, தான் தண்ணி ஊற்றிய மரத்துக்கு ஒரு விவசாயி திருடனைப்போல் சாட்சி தேடி அலைவது என்ன நியாயம்? ரெண்டு மரம், நாலு மரம் விற்கிறவன் அந்த அலைச்சலுக்குப் பயந்துதான் "நீங்களே எல்லாம் பார்த்துக்குங்க" என்று வியாபாரி கையில் கொடுத்துவிடுகிறான். கொடுத்த நிமிஷமே விலையும் அவர் கைக்குப் போய்விடுகிறது.

இது தில்லிக்கும் சென்னைக்கும் தெரியாத விஷயம் இல்லை. 2014-ல் மத்திய அரசு கொண்டுவந்த தேசிய வேளாண் காடுகள் கொள்கையே, வெட்டுவதற்கும் கொண்டுபோவதற்கும் உள்ள கட்டுப்பாடுகள் மரம் வளர்ப்புக்குத் தடை என்று ஒத்துக்கொண்டது. 2023 டிசம்பரில் நாடு முழுவதற்கும் ஆன்லைன் போக்குவரத்து அனுமதி முறையைத் தொடங்கினார்கள். 2025 மார்ச்சில் தமிழக வேளாண் பட்ஜெட்டில், விலை உயர்ந்த மரங்களைப் பதிவு செய்ய, வெட்ட, கொண்டுபோக, விற்க எளிய வழி செய்யும் வேளாண் காடுகள் கொள்கை வரும் என்று அறிவித்தார்கள். 2025 ஜூனில் மத்திய அரசு விளைநிலத்து மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. காகிதத்தில் எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. வரப்புக்கு வந்து சேர வேண்டும், அதுதான் நம் கேள்வி.

இன்னொரு பக்கம் நிலைத்த பசுமைப் போர்வை இயக்கம் என்று 2021-லிருந்து வேளாண்மைத் துறை மூலம் தேக்கு உள்ளிட்ட கன்றுகளைக் கொடுத்தார்கள். அதற்கு முன்பும் வனத்துறை பட்டா நிலத்தில் மரம் வளர்க்கத் திட்டம் போட்டது. கன்று கொடுக்கக் காட்டும் அக்கறையை மரம் விற்கும் நாளில் காட்ட வேண்டாமா? 1990-களில் "தேக்கில் பணம் போடுங்கள், கோடீஸ்வரர் ஆகுங்கள்" என்று விளம்பரம் செய்த தோட்டக் கம்பெனிகளை நம்பி எத்தனை குடும்பம் பணத்தை இழந்தது! அப்போது மரம் இல்லாமல் பணம் போனது. இப்போது மரம் இருந்தும் பணம் வரவில்லை.

அரசு தன் மரத்தை எப்படி விற்கிறது?

தஞ்சைப் பக்கம் கால்வாய்க் கரைகளில் வனத்துறை வளர்த்த தேக்குத் தோட்டங்களைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அந்த மரத்தை அரசாங்கம் கண்மதிப்புக்கா விற்கும்? வெட்டி, டிப்போவில் அடுக்கி, ஒவ்வொரு தடியையும் அளந்து, எண் போட்டு, தரம் பிரித்து, ஏலம் விடும். அரசுக்கு ஒரு நியாயம், விவசாயிக்கு ஒரு நியாயமா? பருத்தியை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடை போட்டு ஏலத்தில் விற்கிறோமே, தேக்குத் தடிக்கு மட்டும் அந்த வாசல் ஏன் மூடியிருக்கிறது?

ஆகவே நாம் கேட்பது:

1. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் மூலம் விவசாயிகளின் மரத்தை அளந்து, தரம் பிரித்து, ஏலம் விட ஏற்பாடு செய்ய வேண்டும். மாசம் ஒரு நாள் வைத்தாலும் போதும்.

2. வனத்துறை டிப்போ ஏலத்தில் போன விலையை, சுற்றளவு வாரியாகத் தமிழில் எழுதி, ஊராட்சி, பேரூராட்சி அலுவலகங்களில் ஒட்ட வேண்டும்.

3. பட்டா நிலத்துத் தேக்கை ஒரே தடவை அடங்கலில் ஏற்றிவிட்டால் அதுவே ஆதாரம் ஆக வேண்டும். வெட்டும்போது மறுபடி அலைய விடக்கூடாது. அனுமதிக்கு நாள் கெடு வேண்டும். கெடு தாண்டினால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும்.

4. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு மானியத்தில் சிறு அறுவை மில்லும் மரம் காயவைக்கும் கொட்டகையும் தர வேண்டும். தடியாக விற்பதைவிடச் சட்டமாக, பலகையாக விற்றால் நமக்குக் கூடுதல் கிடைக்கும். நம் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கலைஞர்களுக்கு வேண்டிய வேம்பும் மாவும் வாகையும்கூட நம் வயலிலிருந்து நேரடியாகப் போகலாம்.

அதுவரை நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை நிறைவேறும்வரை கைகட்டி நிற்க வேண்டாம். இருபது ரூபாய் டேப் ஒன்று வாங்குங்கள். நெஞ்சு உயரத்தில் ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் அளந்து நோட்டில் எழுதி வையுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை. அடங்கலில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். விற்கும்போது ஒருவரிடம் மட்டும் பேசாமல் மூணு பேரிடமாவது, கன அடிக்கு என்ன விலை என்று கேளுங்கள். "மொத்தமா எவ்வளவு" என்ற பேச்சையே எடுக்காதீர்கள். எங்கே அளப்பது, பட்டையோடா இல்லாமலா என்பதைப் பேசி, எழுதி வாங்குங்கள். ரெண்டு மரம், நாலு மரம் வைத்திருப்பவர்கள் தெருவாகச் சேர்ந்து ஒரு லாரி லோடாக்கினால் விலை பேசத் தெம்பு வரும். வெட்டிய தடியின் ரெண்டு முகத்திலும் பழைய பெயிண்டைப் பூசி நிழலில் அடுக்குங்கள், வெடிப்பு குறையும்.

புதிதாக வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் தேங்கும் கரிசலில் தேக்கு வைத்து ஏமாறாதீர்கள், அதற்கு வடிகால் உள்ள மண் வேண்டும். வெள்ளாற்று வண்டலும் செம்மண்ணும் ஏற்றது. பக்கக் கிளையைச் சின்னதாக இருக்கும்போதே கழித்துவிட்டால் கணு இல்லாத தடி கிடைக்கும். நெருக்கமாக வைத்தால் நடுவில் கலைத்துவிட வேண்டும், மனசு கேட்காது, ஆனால் செய்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் எல்லாமே குச்சியாக நிற்கும்.

என் வரப்பில் அந்த 24 அடிக்கட்டையிலும் துளிர் வந்தது என்று சொன்னேன் அல்லவா? ஒரு கட்டைக்கு ஒரு துளிரை மட்டும் விட்டு மற்றதைக் கழித்துவிட்டேன். இப்போது தலைக்கு மேலே நிற்கிறது. அதை விற்கும் நாள் என் பேரப்பிள்ளைகள் காலத்தில் வரும். அன்றைக்கு அவர்கள் கையில் டேப் இருக்க வேண்டும், போய் விற்க ஒரு ஏலக்கூடம் இருக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு நம் சங்கத்தின் சார்பில் இந்தக் கோரிக்கைகளோடு போகிறோம். வரப்பில் ஒரே ஒரு தேக்கு வைத்திருப்பவரும் வாருங்கள். உங்கள் மரத்தின் சுற்றளவை எழுதிய நோட்டோடு வாருங்கள்.

அளந்து விற்போம்! அளந்ததற்கு விலை கேட்போம்!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!